ப்ரோபாக்ஸுக்கு சிந்தெடிக் ஆயில்: எந்த நம்பர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை?

தாம்வே வாசி:

அண்ணன்மாருக்கு ரங்கூனிலிருந்து வணக்கம். வண்டி 2006 டொயோட்டா ப்ரோபாக்ஸ், 1500 சிசி, 1என்இசட்-எஃப்இ இன்ஜின், ஆட்டோ கியர். மீட்டரில் 1,86,000 கி.மீ. காட்டுகிறது. ஜப்பானில் யார் எப்படி ஓட்டினார்கள், எப்போது ஆயில் மாற்றினார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வண்டியோடு வரவில்லை.

ஓட்டம் இப்படி: காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட 2 கி.மீ., உடனே வீட்டுக்குத் திரும்பி வண்டியை நிறுத்திவிடுவேன். பிறகு மொகல் தெருப் பக்கம் கடைக்கு 6 கி.மீ. நெரிசல் இருந்தால் அதுவே முக்கால் மணி நேரம். மாதம் ஒரு தடவை தன்லின் தாண்டி பீலிக்கான் கோயிலுக்குப் போவோம். மற்றபடி நெடுஞ்சாலை ஓட்டம் அபூர்வம். மாதத்துக்கு 600, 700 கி.மீ. தேறும்.

ஸ்பேர் கடையில் 'இன்ஜின் வைங்' (இன்ஜின் ஆயில்) என்று கேட்டால் மூன்று டின்னை எடுத்து வைக்கிறார்கள். ஒன்று 0டபிள்யூ-20 ஃபுல் சிந்தெடிக், 15,000 ஓடலாம் என்கிறார்கள். இன்னொன்று 5டபிள்யூ-30 சிந்தெடிக். மூன்றாவது 10டபிள்யூ-40 செமி சிந்தெடிக், 'பழைய இன்ஜினுக்கு இதுதான்' என்கிறார்கள். ஒர்க்‌ஷாப் சயா (மெக்கானிக்) எதைப் போட்டாலும் 3,000-ல் மாற்று என்கிறார். இன்னொருவர் 5,000 என்கிறார். மைலா கிலோமீட்டரா என்று கேட்டால் சரியான பதில் இல்லை.

எந்த நம்பர் எடுப்பது? எத்தனைக்கு ஒரு தடவை மாற்றுவது? பழைய இன்ஜினில் சிந்தெடிக் ஊற்றினால் ஒழுகும் என்கிறார்களே, உண்மையா? முதலில் உள்ளே கழுவும் திரவம் ஊற்றி ஃப்ளஷ் அடிக்கணுமா?


மோல்மீன் பட்டறை:

தம்பி, முதலில் நம்பர் விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி இளகி ஓடும் என்பதற்கு. பின்னால் இருக்கும் எண் சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. 10டபிள்யூ என்பது மைனஸ் 25 டிகிரியில் சோதித்துக் கொடுக்கும் முத்திரை, 5டபிள்யூ மைனஸ் 30, 0டபிள்யூ மைனஸ் 35. ரங்கூனை விடுங்கள், மேமியோ, டவுஞ்சிக் குளிருக்கும் 10டபிள்யூ தாராளம். 0டபிள்யூ என்று போட்டிருக்கிறது என்பதற்காக நம் ஊரில் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நமக்கு முக்கியம் பின்னால் இருக்கும் எண்தான். 100 டிகிரி சூட்டில் 20-ம் நம்பர் ஆயிலின் பிசுக்கு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 30-ம் நம்பர் 9.3 முதல் 12.5. 40-ம் நம்பர் 12.5 முதல் 16.3. இதைவிட உருப்படியான கணக்கு ஒன்று உண்டு. 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்கும் நிலையில் படலம் எவ்வளவு தாங்குகிறது என்ற அளவு அது. 20-க்குக் குறைந்தது 2.6 இருக்கணும், 30-க்கு 2.9, 10டபிள்யூ-40-க்கு 3.5. ஏப்ரல் வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு லேடன் சந்திப்பில் அரை மணி நிற்கும் வண்டிக்கு இந்த வித்தியாசம் பொருட்படுத்த வேண்டியது.

உங்கள் இன்ஜினுக்கு 5டபிள்யூ-30 புத்தகத்தில் இருக்கும் நம்பர். அதையே போடுங்கள். 20-ம் நம்பர் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வந்தது. புதிய, இறுக்கமான இன்ஜினில் நல்ல ஆயில்தான். ஆனால் 1,86,000 ஓடி, வரலாறு தெரியாமல் வந்த இன்ஜினில் பிஸ்டன் ரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ, அதில் அதைப் போட்டுச் சோதனை செய்ய நான் சொல்லமாட்டேன்.

10டபிள்யூ-40-ஐயும் எடுத்த எடுப்பில் போடாதீர்கள். இந்த இன்ஜினில் விவிடி-ஐ, அதாவது வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு, இருக்கிறது. ஆயில் அழுத்தத்தால்தான் கேம் முன்னும் பின்னும் நகர்கிறது. அதற்குப் போகும் கண்ட்ரோல் வால்வின் வாயில் பொடிக் கண்ணி வலை ஒன்று உண்டு. செயின் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஆயில் கெட்டியானால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இந்த இடங்களுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். 40 என்பது ஆயில் குறைகிறது என்று அளந்து பார்த்த பிறகு எடுக்கும் முடிவு.


தன்லின் லேப்:

பட்டறை அண்ணன் சொன்ன நம்பர் சரி. டின்னில் நம்பரை விட முக்கியமான வரி இன்னொன்று இருக்கிறது. பின்பக்கம் வட்ட முத்திரைக்குள் 'ஏபிஐ' (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) என்று போட்டு இரண்டு எழுத்து இருக்கும். எஸ்எல் 2001-ல் வந்தது, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020. 2025-ல் எஸ்க்யூவும் வந்துவிட்டது. பெட்ரோல் இன்ஜினுக்குப் புதிய எழுத்து பழைய எழுத்தின் வேலையையும் செய்யும். அதனால் 2006 வண்டிக்கு எஸ்என் அல்லது எஸ்பி தைரியமாகப் போடலாம். எஸ்பி-யில் டைமிங் செயின் தேய்மானத்துக்குத் தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். உங்கள் இன்ஜின் செயின் இன்ஜின் என்பதால் விலை வித்தியாசம் அதிகமில்லை என்றால் எஸ்பி-யையே எடுங்கள். எழுத்தே இல்லாமல் 'ரேசிங்', 'கோல்டு', 'சூப்பர்' என்று மட்டும் போட்ட டின் எந்த விலைக்கும் வேண்டாம்.

'ஃபுல் சிந்தெடிக்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிப்படை எண்ணெயை ஐந்து குரூப்பாகப் பிரிப்பார்கள். ஒன்றும் இரண்டும் சாதாரண மினரல். மூன்றாவது குரூப் பெட்ரோலியத்தையே ஹைட்ரஜன் ஏற்றிக் கடுமையாகச் சுத்திகரித்தது. அதன் பிசுக்குக் குறியீடு, அதாவது சூடு ஏறினாலும் பிசுக்கு அதிகம் மாறாமல் நிற்கும் அளவு, 120-க்குக் குறையக் கூடாது. நான்காவது ரசாயன முறையில் கட்டியெழுப்பிய பிஏஓ. ஐந்தாவதில் எஸ்டர் முதலானவை. 1999-ல் அமெரிக்க விளம்பரத் தகராறு ஒன்றின் முடிவுக்குப் பிறகு மூன்றாம் குரூப்பையும் சிந்தெடிக் என்றே விற்கிறார்கள். இன்று கடையில் கிடைக்கும் சிந்தெடிக்கில் பெரும்பகுதி இந்த மூன்றாம் குரூப்தான். அது ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். உங்கள் வண்டிக்கு அதுவே போதும். எஸ்டர், பிஏஓ என்று இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குவதற்கு இந்த ஓட்டத்தில் பலன் இல்லை. 'செமி சிந்தெடிக்' என்பதில் எத்தனை சதவீதம் சிந்தெடிக் இருக்க வேண்டும் என்று கட்டாயமே கிடையாது.

15,000 எங்கிருந்து வந்தது என்றால், டொயோட்டா ஜப்பானில் டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கு எழுதுவது அது: 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அது. அதே பக்கத்தில் கீழே 'கடினமான உபயோகம்' என்று பாதியாகக் குறைத்து 7,500 கி.மீ. அல்லது 6 மாதம் என்றும் இருக்கும். கடினம் என்றால் என்ன? குறைந்த தூர ஓட்டம் அடிக்கடி, நீண்ட நேரம் நின்று ஓடுதல், தூசி, மேடு. உங்கள் கேள்வியை அப்படியே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. மேல் வரியை மட்டும் படித்துச் சொல்கிறார்கள் கடைக்காரர்கள்.


டாக்ஸி முதலாளி:

கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் ரங்கூன் வண்டிக்கு ஏமாற்றம்தான். இன்ஜின் ஓடும் மணியைப் பாருங்கள். மாண்டலே எக்ஸ்பிரஸ்வேயில் 90-ல் போனால் 5,000 கி.மீ. ஓட ஏறக்குறைய 55 மணி நேரம். ஊருக்குள் நெரிசலோடு சராசரி 12-ல் போனால் அதே 5,000-க்கு 400 மணிக்கு மேல். ஆயிலுக்கு ஏழெட்டு மடங்கு வேலை. மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும்.

மைலா கிலோமீட்டரா என்று கேட்டது நல்ல கேள்வி. சாலைக் கல் மைலில், ஜப்பான் வண்டி மீட்டர் கிலோமீட்டரில். பழைய சயாக்கள் 5,000 என்றால் மைலை நினைத்துக்கூடச் சொல்வார்கள்; அது 8,000 கி.மீ. ஆகிவிடும். உங்கள் மீட்டரில் என்ன ஓடுகிறதோ அதில் 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் டாக்ஸி வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று. சிஎன்ஜி-யில் புகைக்கரி குறைவு. 5,000 ஓடினாலும் ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். 'இன்னும் நல்லாத்தானே இருக்கு' என்று விட்டுவிடக் கூடாது. கேஸ் எரியும் சூடு அதிகம், ஆயில் ஆக்ஸிஜனோடும் நைட்ரஜன் ஆக்ஸைடோடும் சேர்ந்து உள்ளுக்குள் கெட்டியாகிக்கொண்டே போகும். வார்னிஷ் பூசின மாதிரி ரிங் பள்ளத்தில் ஒட்டும். நிறம் கேஸ் வண்டியில் ஒன்றையும் சொல்லாது.

பெட்ரோலில் அப்படியே தலைகீழ். 1,000 கி.மீ.யில் கறுத்தால் பழைய அழுக்கை ஆயில் கழுவி எடுத்துத் தன்னிடம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அது நல்ல ஆயில் செய்யும் வேலை.


தாம்வே வாசி:

நன்றி அண்ணே, மணிக் கணக்கு புரிந்தது. இன்று காலை ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டு பார்த்தேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளிர் மஞ்சளாகக் கிரீம் மாதிரி படிந்திருக்கிறது, விரலால் வழித்தால் வருகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பு, மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில். மாற்றி ஏழு வாரம்தான் ஆகிறது, அப்போது மேல் கோடு வரை இருந்தது. கூலன்ட் ஆயிலில் கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டதா?


மோல்மீன் பட்டறை:

பதற வேண்டாம். கிரீம் மூடியில் மட்டுமா, டிப்ஸ்டிக்கிலும் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. டிப்ஸ்டிக்கில் கறுப்பு ஆயில் தெளிவாக இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அது பெரும்பாலும் ஈரம். பெட்ரோல் எரிந்தாலே தண்ணீர் ஆவி உண்டாகும், கொஞ்சம் ரிங் தாண்டிக் கீழே இறங்கும். 2 கி.மீ. ஓடி நிறுத்தினால் ஆயில் அதை விரட்டும் அளவுக்குச் சூடாவதில்லை. இன்ஜினின் மேல் பகுதியில் குளிர்ச்சியான இடம் மூடிதான், அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் இன்னும் அதிகம்.

டிப்ஸ்டிக்கிலேயே பால் கலந்த டீ நிறம் வந்தால், கூலன்ட் பாட்டிலில் மட்டம் குறைந்துகொண்டே போனால், ரேடியேட்டர் மூடிக்குள் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தால், அப்போதுதான் கேஸ்கட் பேச்சு. சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, காலையில் பாருங்கள்.

அடுத்து, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு. வால்வு கவரில் சொருகியிருக்கும், விரல் நீளம். கழற்றி இன்ஜின் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், எதிர்ப்பக்கமிருந்து ஊதினால் அடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் போகவில்லை என்றால் அழுக்கில் சிக்கிவிட்டது. ஆவி வெளியேற வழி இல்லாமல் கிரீம் சேரும், உள்ளே அழுத்தம் ஏறி சீல்கள் வழியாக ஆயில் கசியும். எப்போதும் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். சின்னப் பொருள், கழுவிப் பார்ப்பதைவிடப் புதிது போடுவது நல்லது.

குறைவது பற்றி: எவ்வளவு என்று அளந்தால்தான் பேச முடியும். காலையில் சமதரையில், ஸ்டார்ட் செய்யும் முன், துடைத்து மறுபடி சொருகிப் பாருங்கள். பல வண்டிகளில் இரண்டு கோட்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர். நீங்கள் 1,200 கி.மீ.யில் அரை லிட்டர் இழந்திருக்கலாம். இந்த வயது இன்ஜினுக்கு அது சகிக்கக்கூடிய அளவு. 1,000 கி.மீ.க்கு 1 லிட்டரை நெருங்கினால்தான் ரிங், வால்வு சீல் என்று யோசிக்கணும். அதற்கு முன்னால் 5டபிள்யூ-40 அல்லது அந்த 10டபிள்யூ-40-ஐப் போட்டுப் பார்ப்பது நியாயம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு மட்டத்தைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. திருப்பத்திலோ பிரேக் பிடிக்கும்போதோ அது மின்னினால் பம்ப் ஏற்கெனவே காற்றை இழுத்துவிட்டது. உடனே ஓரங்கட்டி நிறுத்தணும். மூன்று லிட்டர் சொச்சம் மட்டுமே பிடிக்கும் இன்ஜினில் ஒரு லிட்டர் குறைந்தால் மிச்ச ஆயில்தான் அத்தனை அழுக்கையும் சூட்டையும் சுமக்கிறது. விலையுயர்ந்த ஆயிலைக் குறைந்த மட்டத்தில் ஓட்டுவதைவிடச் சாதாரண ஆயிலை மேல் கோட்டில் வைத்து ஓட்டுவது இன்ஜினுக்கு நல்லது.


தன்லின் லேப்:

லேப் இல்லாமல் வீட்டிலேயே ஆயிலைப் பார்க்க ஒரு வழி. காபி வடிகட்டும் தாளோ மை உறிஞ்சும் தாளோ எடுத்து, அடியில் எதுவும் தொடாமல் ஒரு கோப்பையின் வாய்மேல் வைத்து, சூடான இன்ஜினின் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். ஒரு இரவு அப்படியே இருக்கட்டும்.

காலையில் நடுவில் சாம்பல் நிறம், அது விளிம்பு தெரியாமல் வெளியே மெல்லமெல்ல வெளுத்துப் போனால், ஆயில் இன்னும் கரியைத் தூளாகத் தாங்கிப் பிடிக்கிறது. நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி கூர்மையான விளிம்போடு நின்று, சுற்றிலும் வெறும் மஞ்சள் எண்ணெய் மட்டும் பரவினால், தாங்கும் சக்தி தீர்ந்தது. மறுநாளே மாற்றுங்கள். வெளி வளையம் மிக அகலமாக, கண்ணாடி மாதிரிப் பரவினால் பெட்ரோல் கலந்திருக்கிறது. விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருந்தால் தண்ணீர். 1,000 கி.மீ.க்கு ஒரு சொட்டு அதே தாளில் வரிசையாக வைத்து, தேதியும் மீட்டரும் எழுதினால், உங்கள் ஓட்டத்துக்கு உங்கள் ஆயில் எப்போது சோர்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

பெட்ரோல் கலப்பு பற்றி இன்னொன்று: டிப்ஸ்டிக் மட்டம் ஏறிக்கொண்டே போய், முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 30-ம் நம்பர் ஆயில் பெட்ரோல் கலந்து 20-ஆக இளகிவிடும். 0டபிள்யூ-20-ல் ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள்.


பெகு ரோடு:

பழைய இன்ஜினில் சிந்தெடிக் போட்டால் ஒழுகும் என்பதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஆரம்பகால பிஏஓ ஆயில்கள் ரப்பர் சீலைச் சுருங்க வைத்தன. அதைச் சேர்மானத்தில் எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். இப்போது நடப்பது வேறு: வெடித்துப் போன சீலை அழுக்கே அடைத்து வைத்திருக்கும். நல்ல ஆயில் அழுக்கைக் கழுவினால் வெடிப்பு வெளியே தெரிகிறது. 1என்இசட்-ல் பார்க்க வேண்டிய இடங்கள் வால்வு கவர் கேஸ்கட், செயின் கவரின் ஓரம், ஆயில் பிரஷர் சுவிட்ச், முன் கிராங்க் சீல். மாற்றுவதற்கு முன்னால் இந்த இடங்களைத் துடைத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒழுகினால் புதிதா பழையதா என்று தெரியும்.

ஃப்ளஷ் வேண்டாம். வரலாறு தெரியாத இன்ஜினில் அடியில் எவ்வளவு கசடு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கடுமையான ஃப்ளஷ் அதைத் தட்டையாகப் பெயர்த்தெடுத்து, பம்பின் வாயிலுள்ள வலையில் கொண்டுபோய் அப்பும். அங்கிருந்து மேலே ஒன்றும் போகாது. விவிடி-ஐ வலையும் அடைத்தால் ஐடில் ஆடும், இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் விவிடி-ஐ கோளாறு என்று பி1349 கோடு வரும். அதற்குப் பதிலாக நல்ல 5டபிள்யூ-30 ஊற்றி 1,500 கி.மீ.யில் ஃபில்டரோடு மாற்றுங்கள், இன்னொரு தடவையும் 1,500. அழுக்கு மெல்லக் கரைந்து ஃபில்டரில் போய்ச் சேரும்.

மாற்றும் வேலையில் தப்பு நடக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஃபில்டரோடு சேர்த்து 3.7 லிட்டர், ஃபில்டர் இல்லாமல் 3.4. ஜப்பான் 4 லிட்டர் டின் ஒன்று வாங்கினால் 300 மில்லி மிஞ்சும், அதை மேலூற்ற வைத்துக்கொள்ளுங்கள். 'டின்னைத் திறந்தாச்சு' என்று நாலு லிட்டரையும் கவிழ்த்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். மட்டம் அதிகமானால் கிராங்க் அதில் அடித்து நுரைக்கும், நுரை பேரிங்கைக் காப்பாற்றாது.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பு போதும், கொதிக்க வேண்டாம். ஜாக்கி மட்டும் கொடுத்து அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். வடிகால் போல்ட்டுக்கு 14-ம் நம்பர் ஸ்பேனர். பத்து நிமிடம் சொட்ட விடுங்கள். வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது. பழையதையே போட்டு, ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் இறுக்கித்தான் மரை போகிறது. அளவு சுமார் 37 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லை என்றால் குட்டை ஸ்பேனரில் ஒரு கையால் இறுக்கும் இறுக்கம், காலால் மிதிக்கும் இறுக்கம் இல்லை.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லை என்றால் இன்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கவனிக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் தரையில். புதிய வளையத்தில் விரலால் ஆயில் தடவி, தொட்டதும் கையால் முக்கால் சுற்று. மலிவு ஃபில்டரில் நிறுத்தியதும் ஆயில் திரும்பி இறங்காமல் தடுக்கும் ரப்பர் சரியாக இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி செயின் கடகடக்கும். ஃபில்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முதலில் 3.4 ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்து, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேல் கோடு வரை.


ஹைலக்ஸ் 3.0:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கணும். 1கேடி டீசல் ஹைலக்ஸுக்கும் இதே 5,000 கணக்குதானா? அப்புறம், நல்ல ஆயில் என்று வாங்கினால் போலியாக இருக்கிறதே, எப்படிக் கண்டுபிடிப்பது?


மோல்மீன் பட்டறை:

1கேடி-க்கு 5,000 கி.மீ.யைத் தாண்டாதீர்கள். சுமார் 7 லிட்டர் பிடிக்கும். ஏபிஐ சிஐ-4 அல்லது சிகே-4 எழுத்துள்ள டீசல் ஆயில், 15டபிள்யூ-40 நம் வெயிலுக்குச் சரி. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) பொருத்தி வந்த வண்டி என்றால் மட்டும் சாம்பல் குறைந்த ஆயில், ஜப்பான் தரத்தில் ஜேஏஎஸ்ஓ டிஎல்-1 அல்லது ஐரோப்பியத் தரத்தில் ஏசிஇஏ சி2, சி3. இல்லையென்றால் அந்த ஃபில்டர் சாம்பலில் அடைபடும்.

இந்த இன்ஜினுக்கென்று ஒரு வியாதி உண்டு. இன்ஜெக்டர் அடியில் உட்காரும் வாஷர் தேய்ந்தால் எரிந்த வாயு ஆயிலுக்குள் இறங்கிக் கரி கெட்டியாகச் சேரும். பம்ப் வாயின் வலை அடைத்து, ஆயில் நிறைய இருந்தும் இன்ஜின் வறண்டு போய்ச் சிக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் புகை விட்டுவிட்டு அடிப்பது, மாற்றும்போது வடிகால் வழியாகக் கரித் துணுக்கு வருவது, இரண்டும் அறிகுறி. கண்டால் வாஷரை மாற்றி, அடித்தட்டைக் கழற்றி வலையைப் பார்க்காமல் ஓட்டக் கூடாது.


டாக்ஸி முதலாளி:

போலி பற்றி. பெயர் போன கம்பெனியின் பழைய டின்னிலேயே வேறு ஆயிலை ஊற்றி மூடி விற்கிறார்கள். மூடியின் கீழ் வளையம் உடையாமல் இருக்கணும், வளையத்தில் பசையோ சூட்டில் ஒட்டிய தடமோ இருக்கக் கூடாது. டின்னில் அச்சடித்த தொகுதி எண்ணும் அட்டைப்பெட்டி எண்ணும் ஒத்துப்போகணும். அச்சு விரலால் தேய்த்தால் அழியக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்துப் பார், தீயில் காட்டிப் பார் என்பதெல்லாம் ஒன்றும் நிரூபிக்காது. ஒரே விநியோகஸ்தர் கடையில் பில்லோடு வாங்குவதுதான் வழி. காலி டின்னை எறிவதற்கு முன்னால் ஆணியால் நாலு ஓட்டை போடுங்கள். நாம் அப்படியே போடும் டின்தான் திரும்ப நம்மிடமே வருகிறது.

கழித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், ஆற்றுக்குத்தான் போகும். ஜெரிகேனில் பிடித்து வைத்தால் வாங்கிப்போக ஆள் வரும்.


தாம்வே வாசி:

எல்லாருக்கும் நன்றி. முடிவு: 5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்பி, சாதாரண விலை சிந்தெடிக். பிசிவி வால்வும் வாங்கிவிட்டேன். இரண்டே சந்தேகம். மிஞ்சும் 300 மில்லியைக் கரன்ட் போகும்போது ஓட்டும் ஜெனரேட்டரில் ஊற்றலாமா? இரண்டு தடவை 1,500 முடிந்த பிறகு எனக்கு 5,000 ஆக ஏழெட்டு மாதம் பிடிக்கும், அதுவரை விடலாமா?


பெகு ரோடு:

ஜெனரேட்டர் காற்றால் குளிரும் இன்ஜின், கார் இன்ஜினைவிடச் சூடு அதிகம். ஹோண்டா ஜிஎக்ஸ்160 என்றால் 0.58 லிட்டர் பிடிக்கும், புத்தகம் சொல்வது 10டபிள்யூ-30. புதிதாக இருந்தால் முதல் 20 மணியில் மாற்றணும், பிறகு 100 மணிக்கு ஒரு தடவை அல்லது 6 மாதம். ஒரு நாளைக்கு 5 மணி ஓட்டினால் 20 நாளில் 100 மணி முடிந்துவிடும். கார் ஆயிலுக்குக் கணக்கு வைக்கிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். அதற்குத் தனி டின் வாங்குங்கள். மிஞ்சிய 300 ப்ரோபாக்ஸுக்கே வேண்டியிருக்கும்.


தன்லின் லேப்:

விடக் கூடாது. உங்கள் வண்டிக்கு முதலில் வருவது 6 மாதம்தான், கிலோமீட்டர் இல்லை. குறைந்த தூர ஓட்டத்தில் பெட்ரோலும் ஈரமும் அமிலமும் ஆயிலில் தங்குகின்றன. சிந்தெடிக் என்பதால் அவை கலக்காமல் போவதில்லை. அமிலத்தை முறிக்கும் காரச் சேர்மானம் தீர்ந்தால் எந்த ஆயிலும் பேரிங்கை அரிக்கும்.

மறக்காமல் இருக்க ஒரு வழி: சித்திரைக்கு முன்னால் ஒன்று, தீபாவளிக்கு முன்னால் ஒன்று. ஏப்ரலில் மாற்றினால் வறட்சிக்காலத் தூசியோடு ஓடிய ஆயில் வெளியேறி, வெயிலுக்குப் புது ஆயில் இருக்கும். ஏர் ஃபில்டரையும் அப்போதே தட்டிப் பார்த்துவிடலாம். திஞ்சான் புத்தாண்டுக்கு ஒர்க்‌ஷாப் பத்து நாள் மூடிவிடுவார்கள், மார்ச் கடைசியிலேயே முடித்துவிடுங்கள். அக்டோபரில் மாற்றினால் மழைக்கால ஈரம் சேர்ந்த ஆயில் போகும். மழையில் தெருத் தண்ணீர் இன்ஜின் அடித்தட்டு உயரத்துக்கு வந்து வண்டி நின்றிருந்தால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம். ஸ்டார்ட் செய்யாமல் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். பால் நிறம் தெரிந்தால் இழுத்துக்கொண்டு போய், ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, 100 கி.மீ.க்குள் இன்னொரு தடவை மாற்றணும்.

அடுத்த மாற்றத்தின் தேதி, மீட்டர், நம்பர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஆயில் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். உங்களுக்கு வண்டியோடு வராத அந்தச் சீட்டு அடுத்து வாங்குகிறவருக்குக் கிடைக்கும்.